எம்.பி., எம்.எல்.ஏ. சம்பளத்தை யார் முடிவு செய்கிறார்கள்? இவ்வளவு கொடுப்பது தகுமா?

பொருநைக்கரை செல்வம் கேட்டது:

ரொம்ப நாளாக மனதில் இருக்கும் கேள்வி, நேராகவே கேட்டுவிடுகிறேன். 2025 மார்ச்சில் எம்.பி.க்களின் மாதச் சம்பளம் 1,00,000 ரூபாயில் இருந்து 1,24,000 ஆனது. அதுவும் 2023 ஏப்ரல் 1-ல் இருந்து கணக்கிட்டு, இரண்டு வருட அரியரோடு. அதே மார்ச்சில் கர்நாடகத்தில் எம்.எல்.ஏ. அடிப்படைச் சம்பளம் 40,000-ல் இருந்து 80,000 ஆனது, முதல்வருக்கு 75,000-ல் இருந்து ஒன்றரை லட்சம். சபையில் வேறு பிரச்சினைக்காக அமளி நடந்துகொண்டிருக்க, விவாதமே இல்லாமல் மசோதாவை நிறைவேற்றிவிட்டார்கள். நம் ஊர் கதையும் மறக்கவில்லை. 2017 ஜூலையில் எம்.எல்.ஏ.க்களுக்கு 55,000-ஐ 1,05,000 ஆக்கி அறிவிப்பு வந்தது, அந்த மாதம்தான் நம் விவசாயிகள் டெல்லி ஜந்தர் மந்தரில் மறுபடி போய் உட்கார்ந்தார்கள். 2018 ஜனவரியில் அதற்கான மசோதா சட்டமன்றத்துக்கு வந்தபோது பஸ் ஓட்டுநர்களும் நடத்துநர்களும் ஊதிய உயர்வு கேட்டு வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள்.

என் அக்கா அங்கன்வாடியில் வேலை பார்க்கிறாள். அவர்களுக்கு ஆயிரம் ரூபாய் ஏற வேண்டும் என்றாலும் சங்கம் வேண்டும், மனு வேண்டும், சென்னைக்கு வந்து வெயிலில் பந்தல் போட்டு உட்கார வேண்டும், அப்புறம் பேச்சுவார்த்தை, அப்புறம் ‘பரிசீலனையில் உள்ளது’ என்று ஒரு பதில். இவர்களுக்கு மட்டும் ஒரே கையெழுத்தில் எப்படி நடக்கிறது? இதற்கு விதி என்று ஏதாவது இருக்கிறதா, இல்லை அவர்களாகவே போட்டுக்கொள்வதுதான் விதியா? சட்டம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அவர்கள் செய்யும் வேலைக்கு இந்தச் சம்பளம் நியாயமா இல்லையா என்பதையும் சொல்லுங்கள். ‘எல்லாரும் திருடனுங்க’ என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போகாதீர்கள், அது எனக்கே தெரிந்த பாட்டு.

மதுரைக் கயல்:

வக்கீல் என்ற முறையில் முதல் பாதிக்குப் பதில் சொல்கிறேன், செல்வம் தம்பி.

விதி இருக்கிறது. அரசியல் சாசனத்தின் 106-வது பிரிவு எம்.பி.க்களுக்கு, 195-வது பிரிவு மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்களுக்கு. இரண்டும் சொல்வது ஒன்றுதான்: சம்பளமும் படிகளும் அந்தந்த அவை சட்டம் போட்டுத் தீர்மானிக்கும் அளவில் இருக்கும். அதன்படி நாடாளுமன்றம் 1954-ல் ஒரு சட்டம் போட்டது, தமிழ்நாட்டில் 1951-ம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ஆக, நீங்கள் கேட்டதற்கு நேரான பதில், ஆமாம், அவர்களாகவே போட்டுக்கொள்வதுதான் விதி. ஆனால் ரகசியமாக முடியாது. சட்டத் திருத்தம், மசோதா, அரசிதழ் என்று பொதுவெளியில்தான் நடந்தாக வேண்டும். நீதிபதிகளின் சம்பளத்தை நீதிபதிகள் தீர்மானிப்பதில்லை, நாடாளுமன்றம் தீர்மானிக்கிறது. அரசு ஊழியருக்கு ஊதியக் குழு உட்காருகிறது. தன் இலையில் தானே பரிமாறிக்கொள்ளும் நிலை மக்கள் பிரதிநிதிகளுக்கு மட்டும்தான்.

இதனால் என்ன ஆனது என்பதை எண்களிலேயே பார்க்கலாம். 1954-ல் எம்.பி. சம்பளம் 400 ரூபாய், கூட்டம் நடக்கும் நாளுக்குத் தினப்படி 21 ரூபாய். 1964-ல் 500. அடுத்த உயர்வுக்கு 1983 வரை காத்திருந்தார்கள், அப்போதும் 750தான். 1985-ல் ஆயிரம், 1988-ல் 1,500, 1998-ல் 4,000. அப்புறம் பாருங்கள், 2001-ல் ஒரேயடியாக 12,000. 2006-ல் 16,000, 2010-ல் 50,000. இரண்டு தடவை மூன்று மடங்கு பாய்ச்சல். ஜனங்கள் திட்டுவார்களே என்ற பயத்தில் வருடக்கணக்கில் தொடாமல் வைத்திருப்பது, பிறகு எல்லாக் கட்சியும் ஒத்துப்போகும் ஒரு நாளில் மொத்தமாக ஏற்றிக்கொள்வது, இதுதான் பழக்கமாக இருந்தது.

2010-ல் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நாடாளுமன்றக் குழு கேட்ட தொகை 80,001 ரூபாய். அந்த ஒரு ரூபாய்க்கு என்ன அவசியம் என்றால், அப்போது மத்திய அரசுச் செயலாளரின் சம்பளம் 80,000. அரசின் வரிசைமுறைப் பட்டியலில் எம்.பி. செயலாளருக்கு மேலே இருப்பவர், ஆகவே ஒரு ரூபாயாவது கூட வேண்டும் என்பது வாதம். அரசு 50,000 மட்டுமே தர முன்வந்தது, அதை எதிர்த்து லாலு பிரசாத் உள்ளிட்டவர்கள் அவையை நடத்தவிடவில்லை, கடைசியில் படிகளைக் கொஞ்சம் கூட்டிச் சமாதானம் செய்தார்கள். இடதுசாரிகள் மட்டும் நாமே நம் சம்பளத்தை நிர்ணயிப்பது தவறு என்று சொல்லி எதிர்த்தார்கள்.

2018-ல்தான் முறை மாறியது. அந்த வருட பட்ஜெட் உரையில் அருண் ஜேட்லி அறிவித்தார், நிதிச் சட்டத்தின் வழியாகவே 1954 சட்டத்தைத் திருத்தினார்கள். சம்பளம் ஒரு லட்சம், அதன் பிறகு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பணவீக்கக் குறியீட்டின்படி தானாக உயரும். நீங்கள் பார்த்த 1,24,000 அப்படி வந்ததுதான், யாரும் புதிதாகக் கை தூக்கி ஓட்டுப் போடவில்லை. மாநிலங்களில் பெரும்பாலும் இன்னும் அறிவிப்பு, மசோதா என்ற பழைய வழிதான். நீங்கள் சொன்ன 2018 ஜனவரி மசோதாவைத் தி.மு.க. எதிர்த்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அது பதிவில் இருக்கும் விஷயம்.

ஆடிட்டர் ஆபீஸ் கோபி:

கயல் மேடம் சொன்ன குறியீட்டைப் போட்டுப் பார்க்கலாம், வீட்டில் இருந்தே யாரும் சரிபார்க்கக்கூடிய கணக்கு இது. வீடு, நிலம் விற்றவர்கள் மூலதன ஆதாய வரிக்குப் பயன்படுத்துகிறார்களே, அதே குறியீடுதான். 2018-19-க்கு 280, 2023-24-க்கு 348. ஒரு லட்சத்தை 348-ஆல் பெருக்கி 280-ஆல் வகுத்தால் 1,24,286. அதை 1,24,000 என்று வைத்துக்கொண்டார்கள். தொகுதிப் படி 70,000 அதே கணக்கில் சரியாக 87,000. அலுவலகப் படி 60,000-ல் இருந்து 75,000, தினப்படி 2,000-ல் இருந்து 2,500, ஓய்வூதியம் 25,000-ல் இருந்து 31,000, எல்லாம் இதே விகிதம், கடைசியில் முழு எண்ணாக்கியது மட்டும் முன்னே பின்னே. இந்தக் குறியீடு நகர்ப்புற விலைவாசி உயர்வில் முக்கால் பங்கைத்தான் கணக்கில் எடுக்கும். அதாவது கடைவீதியில் விலை ஏறிய அளவுக்குக்கூட அவர்கள் சம்பளம் ஏறவில்லை. இதை மட்டும் தனியாகப் பார்த்தால் கோபப்பட எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

கோபப்பட வேண்டியது வேறு இடத்தில் இருக்கிறது. சம்பளம் என்று நாம் சொல்லும் 1,24,000-க்கு வருமான வரி உண்டு. அதுவும் ‘சம்பளம்’ என்ற தலைப்பில் வராது, எம்.பி.க்கு முதலாளி யாரும் இல்லை என்பதால் ‘இதர வருமானம்’ என்ற தலைப்பில்தான் காட்டுவார்கள். தினப்படிக்கும் தொகுதிப் படிக்கும் வரி கிடையாது. தொகுதிப் படி 87,000-ஐ எதற்குச் செலவழித்தேன் என்று ரசீது காட்டவும் வேண்டாம். அலுவலகப் படி 75,000-ல் 50,000 உதவியாளருக்கு, அது நேராக அவர் கணக்குக்குப் போய்விடுகிறது, அந்த ஏற்பாடு நல்ல ஏற்பாடு, தொகுதிப் படிக்கும் அப்படி ஒன்று இருந்தால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

தமிழ்நாட்டில் 2017-ல் வந்த 1,05,000-ஐயும் பிரித்துப் பாருங்கள். சம்பளம் 30,000தான். ஈட்டுப்படி 10,000, தொலைபேசிப் படி 7,500, தொகுதிப் படி 25,000, தபால் படி 2,500, தொகுப்புப் படி 5,000, வாகனப் படி 25,000. மொத்தத்தில் எழுபது சதவீதத்துக்கு மேல் படி என்ற பெயரில் போகிறது. மாதம் 199 ரூபாய்க்குக் கூட அளவில்லாமல் பேசும் திட்டங்கள் இருந்த காலத்தில் தொலைபேசிக்கு 7,500 எதற்கு என்று யாராவது எனக்கு விளக்க வேண்டும். சம்பளமாகவே ஒரு லட்சம் கொடுத்து வரி பிடித்துவிட்டுப் போயிருக்கலாம், அது நேர்மையாக இருக்கும்.

தென்காசிக்காரன்:

நான் ஒரு எம்.எல்.ஏ.விடம் உதவியாளராக இருந்தவன். எந்தக் கட்சி, எந்தத் தொகுதி என்று கேட்க வேண்டாம். கோபி சாருக்கு ஒரு விளக்கம், செல்வம் தம்பி கேட்ட இரண்டாவது கேள்விக்கும் அதுவே பதில்.

காலை ஆறு மணிக்கே வீட்டு வாசலில் ஆள் வந்துவிடும். முதியோர் பென்ஷன் நின்றுபோன பாட்டி, பட்டா மாறாமல் தாலுகா ஆபீசுக்கு அலைந்து ஓய்ந்தவர், பையனுக்குக் காலேஜில் சீட்டுக் கேட்டு ஒருத்தர், சென்னை பெரியாஸ்பத்திரியில் சேர்க்கக் கடிதம் கேட்டு ஒருத்தர். இதில் பாதி வேலை எம்.எல்.ஏ. வேலையே கிடையாது. வி.ஏ.ஓ. ஆபீசில் ஒழுங்காக நடந்திருந்தால் அந்தப் பாட்டி எங்கள் வாசலுக்கு வந்திருக்கவே மாட்டாள். ஆனால் வந்தவளைத் திருப்பி அனுப்ப முடியுமா? ஒருத்தரை உட்காரவைத்து மனு எழுதவைத்து, பஸ் காசும் கொடுத்து அனுப்புவோம்.

அப்புறம் விசேஷம். வைகாசி, ஆவணி வந்தால் பத்திரிகை கட்டுக்கட்டாக வரும். ஒரு முகூர்த்த நாளில் ஏழெட்டுக் கல்யாணம், நடுவில் இரண்டு காதுகுத்து, ஒரு சடங்கு, எங்காவது ஒரு துட்டி வீடு. கல்யாணத்துக்குப் போய் வெறும் கையோடு வர முடியாது, மொய் நோட்டில் எம்.எல்.ஏ. பெயருக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது என்று ஊரே பார்க்கும். ஐநூறு எழுதினால் ‘இவ்வளவுதானா’ என்பார்கள், ஒரு ஊரில் ஐயாயிரம் எழுதினால் அடுத்த ஊருக்கும் அதுவே கணக்கு. துட்டி வீட்டுக்கு மாலை, சில வீட்டில் அடக்கச் செலவுக்கே வழி இருக்காது, அதையும் பார்க்க வேண்டும். பங்குனி, சித்திரையில் கோயில் கொடை, ஒவ்வொரு ஊர்க்காரரும் நன்கொடை ரசீதுப் புத்தகத்தோடு வருவார்கள், முதல் பக்கத்தை எம்.எல்.ஏ.வுக்கென்று காலியாக வைத்திருப்பார்கள். கபடிப் போட்டிக்கு முதல் பரிசு, கிரிக்கெட் டீமுக்கு பனியன். வண்டிக்கு டீசல், கூட வருகிறவர்களுக்குச் சாப்பாடு. நான்தான் நோட்டுப் போட்டுக் கணக்கு எழுதினேன், வாகனப் படியும் தொகுதிப் படியும் சேர்ந்த ஐம்பதாயிரம் மாதத்தில் முதல் பத்துத் தேதியைத் தாண்டாது.

மீதி எங்கிருந்து வந்தது என்று அடுத்து கேட்பீர்கள். சொந்தமாக மில்லோ குவாரியோ கல்லூரியோ வைத்திருப்பவர் கைக்காசைப் போடுவார். இல்லாதவர் யாரிடமோ வாங்குவார், வாங்கியவருக்கு ஏதாவது செய்து கொடுப்பார். நேர்மையாக இருக்க நினைக்கும் ஏழை ஒருத்தர் ஜெயித்து வந்தால் இரண்டு வருடத்தில் ஊருக்குள் முகம் காட்ட முடியாமல் போகும். 2024 மக்களவையில் ஜெயித்தவர்களில் 93 சதவீதம் கோடீஸ்வரர்கள் என்று அவர்கள் கொடுத்த பிரமாணப் பத்திரங்களை வைத்தே கணக்குச் சொன்னார்கள். சம்பளத்தைக் குறைத்தால் மிச்சம் இருக்கும் ஏழு சதவீதமும் போய்விடும். இன்னொன்றும் பாருங்கள், எம்.பி. தேர்தலுக்கு வேட்பாளர் சட்டப்படி செலவழிக்கக்கூடிய உச்சவரம்பு 95 லட்சம். 1,24,000-ஐ அறுபது மாதத்துக்குப் பெருக்குங்கள், 74 லட்சத்து 40 ஆயிரம்தான் வரும். ஐந்து வருடச் சம்பளத்தை அப்படியே சேர்த்து வைத்தாலும் அந்த வரம்பு வரைக்கும் செலவு செய்தவருக்குக் கை நட்டம். சம்பளத்துக்காக யாரும் அந்த வேலைக்கு வரவில்லை என்பது இதிலேயே தெரியும்.

பொருநைக்கரை செல்வம்:

தென்காசி அண்ணாச்சி, நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். மொய் விஷயம் எங்கள் ஊரிலும் அப்படியேதான், மறுக்கவில்லை. ஆனால் மொய் எழுதுவதும் கொடைக்கு ரசீது கிழிப்பதும் அடுத்த தேர்தலுக்கான முதலீடு. அதற்கு ஏன் அரசுப் பணம்? எம்.எல்.ஏ.வின் வேலை சட்டம் செய்வது, பட்ஜெட்டைக் கேள்வி கேட்பது, அரசை விரட்டுவது. அந்த வேலைக்கு எவ்வளவு என்பதுதான் என் கேள்வி. நீங்கள் சொன்ன செலவை எல்லாம் படியில் சேர்த்தால் ஊரார் கேட்பது இன்னும் கூடத்தான் செய்யும். கிராமப் பஞ்சாயத்துத் தலைவருக்கு நம் மாநிலத்தில் 2022-ல்தான் மதிப்பூதியத்தை ஆயிரத்தில் இருந்து இரண்டாயிரம் ஆக்கினார்கள், தண்ணி வரவில்லை, தெருவிளக்கு எரியவில்லை என்று அவர் வாசலிலும் காலை ஆறு மணிக்கு ஆள் நிற்கத்தான் செய்கிறது. அவருக்கு யார் வாகனப் படி கொடுக்கிறார்கள்?

இன்னொரு சந்தேகம். கோபி சார் ஓய்வூதியம் 31,000 என்கிறாரே, அது எத்தனை வருடம் எம்.பி.யாக இருந்தால் கிடைக்கும்?

மல்லிகா:

இதற்கு நான் பதில் சொல்கிறேன், இதை நினைத்து நினைத்து வெந்தவள் நான்.

எத்தனை வருடம் என்ற நிபந்தனையே கிடையாது. ஒரு நாள் எம்.பி.யாக இருந்திருந்தாலும் போதும், சட்டத்தில் இருக்கும் வார்த்தை ‘எந்தக் கால அளவுக்கும்’ என்பது. 1976-ல் முதன்முதலாக எம்.பி. ஓய்வூதியம் வந்தபோது மாதம் 300 ரூபாய், ஐந்து வருடம் இருந்திருக்க வேண்டும். பிறகு நான்கு வருடம் என்று குறைத்தார்கள். 2004-ல் குறைந்தபட்சக் காலம் என்பதையே எடுத்துவிட்டார்கள். ஐந்து வருடத்துக்கு மேல் இருந்தால் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு வருடத்துக்கும் இப்போது மாதம் 2,500 சேரும். அவர்கள் சம்பளத்தில் இதற்கென்று ஒரு பைசா பிடித்தம் கிடையாது.

2004-ல் வேறு என்ன நடந்தது தெரியுமா? அந்த வருடம் ஜனவரி 1-ல் இருந்து மத்திய அரசுப் பணியில் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் இல்லை என்று ஆனது. தமிழ்நாட்டில் அதற்கும் முன்னாலேயே, 2003 ஏப்ரல் 1-ல் இருந்து. நான் 2006-ல் மத்திய அரசுத் துறை ஒன்றில் சேர்ந்தேன். மாதாமாதம் அடிப்படைச் சம்பளத்திலும் அகவிலைப்படியிலும் பத்து சதவீதம் பிடிக்கிறார்கள், அது பங்குச் சந்தை ஏறினால் ஏறும், இறங்கினால் இறங்கும். இருபது வருடம் நாங்கள் கத்திய பிறகு 2025 ஏப்ரலில் ஒருங்கிணைந்த திட்டம் என்று ஒன்று வந்தது. அதில் பாதிச் சம்பளம் ஓய்வூதியமாக வேண்டும் என்றால் 25 வருடம் வேலை பார்த்திருக்க வேண்டும், பத்து வருடம் பார்த்தால் குறைந்தபட்சம் பத்தாயிரம். பிடித்தம் தொடரும். அவர்களுக்கு ஒரு நாளுக்கு 31,000, எங்களுக்குப் பத்து வருடத்துக்குப் பத்தாயிரம். எங்கள் ஓய்வூதியத்தை ‘அரசால் தாங்க முடியாத சுமை’ என்று சொல்லிக் குறைத்தவர்கள் அதே வருடத்தில் தங்களுடையதைத் தளர்த்திக்கொண்டார்கள்.

சம்பளத்தை ஏற்றட்டும், நான் குறுக்கே நிற்கவில்லை. பெரிய பொறுப்பு, நல்ல சம்பளம் வேண்டும். நாட்டில் மற்ற எல்லோருக்கும் ஒரு ஓய்வூதிய விதி, விதி போடுகிறவர்களுக்கு மட்டும் வேறு விதி என்பதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

மதுரைக் கயல்:

மல்லிகா அக்கா சொன்னது சட்டப்படி சரி. 1954 சட்டத்தின் 8-ஏ பிரிவு அது. ஒருவர் எம்.எல்.ஏ.வாகவும் எம்.பி.யாகவும் இருந்தவர் என்றால் பதவிக்காலம் முடிந்த பிறகு இரண்டு ஓய்வூதியமும் வாங்கலாம். இதை எதிர்த்து ஒரு அமைப்பு உச்சநீதிமன்றம் போனது, 106-வது பிரிவில் சம்பளம், படி என்றுதான் இருக்கிறது, ஓய்வூதியம் என்ற வார்த்தையே இல்லையே என்று வாதாடினார்கள். 2018 ஏப்ரலில் நீதிபதிகள் செலமேஸ்வர், சஞ்சய் கிஷன் கவுல் அமர்வு தள்ளுபடி செய்தது. சாசனம் இதைத் தடுக்கவில்லை, நாடாளுமன்றம் முடிவு செய்ய வேண்டிய விஷயம் என்று சொல்லிவிட்டார்கள். ஆகவே கோர்ட் வழி மூடிய வழி.

ஆனால் சட்டமன்றங்கள் நினைத்தால் முடியும். பஞ்சாபில் எத்தனை முறை எம்.எல்.ஏ.வாக இருந்தாரோ அத்தனை முறைக்கும் சேர்த்து ஓய்வூதியம் கூடிக்கொண்டே போனது, 2022-ல் ‘ஒரு எம்.எல்.ஏ.வுக்கு ஒரே ஓய்வூதியம்’ என்று சட்டம் போட்டு நிறுத்தினார்கள். உத்தரப்பிரதேசத்தில் அமைச்சர்களின் வருமான வரியை அரசே கட்டும் வழக்கம் 1981-ல் இருந்து இருந்தது, 2019-ல் பத்திரிகையில் வெளிவந்து ஜனங்கள் காறித் துப்பிய பிறகு சில நாட்களிலேயே கைவிட்டார்கள். கொரோனா நேரத்தில் எம்.பி.க்கள் சம்பளத்தில் ஒரு வருடத்துக்கு 30 சதவீதம் வெட்டச் சட்டம் வந்ததும் இதே நாடாளுமன்றத்தில்தான்.

ஈஸ்ட்ஹாம் ரவி:

இங்கே லண்டனில் எப்படி என்று சொல்கிறேன், உபயோகப்படலாம். 2009-ல் எம்.பி.க்களின் செலவுக் கணக்கு வெளியே கசிந்தது. ஒருவர் வீட்டு அகழியைத் தூர்வாரிய கூலி, இன்னொருவர் வீட்டுக் குளத்தில் வாத்துக்குக் கூண்டு, இப்படி எல்லாம் அரசுப் பணத்தில் கேட்டிருந்தார்கள். சபாநாயகரே பதவி விலக வேண்டி வந்தது, சில எம்.பி.க்கள் சிறைக்கும் போனார்கள். அந்த வருடமே சட்டம் போட்டுத் தனி ஆணையம் ஒன்றை அமைத்தார்கள், முதலில் செலவுக் கணக்கு, 2011-ல் இருந்து சம்பளமும் அதன் கையில். எம்.பி.க்கள் அதில் ஓட்டுப் போட முடியாது. அவர்கள் கேட்கும் செலவு எல்லாம் ஆணையத்தின் இணையதளத்தில் வந்துவிடும், என் தொகுதி எம்.பி. ரயில் டிக்கெட்டுக்கு எவ்வளவு வாங்கினார் என்று நான் வீட்டில் இருந்தே பார்க்கலாம். ஓய்வூதியத்துக்கு அவர்கள் சம்பளத்தில் மாதாமாதம் பிடித்தம் உண்டு.

ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள், தனி ஆணையம் வந்தால் சம்பளம் குறையும் என்று அர்த்தம் இல்லை. 2015-ல் அந்த ஆணையம் 67,060 பவுண்டில் இருந்து 74,000 ஆக்கியது. பிரதமர் கேமரூனே வேண்டாம் என்றார், அரசு ஊழியர்களுக்கு ஒரு சதவீதம்தான் கொடுக்கிறோம், இது சரியில்லை என்று பலரும் சொன்னார்கள், ஆணையம் கேட்கவில்லை. 2025 ஏப்ரலில் 93,904 பவுண்ட். இங்கேயும் ஜனங்கள் முணுமுணுக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் ‘இவனே எழுதிக்கொண்டான்’ என்ற கோபம் இல்லை, அது பெரிய வித்தியாசம்.

அமெரிக்காவில் இன்னொரு வழி. சம்பளத்தை மாற்றிச் சட்டம் போட்டால் அது அடுத்த தேர்தல் முடிந்த பிறகுதான் அமலுக்கு வரும், 27-வது சாசனத் திருத்தம். 1789-ல் முன்மொழிந்தது 1992-ல்தான் நிறைவேறியது. 2009-ல் இருந்து அவர்கள் சம்பளம் 1,74,000 டாலரிலேயே நிற்கிறது, வருடாவருடம் வர வேண்டிய உயர்வையும் ஓட்டுக்குப் பயந்து அவர்களே நிறுத்திவிடுகிறார்கள். அதுவும் நல்லதா என்று எனக்குச் சந்தேகம்தான், தென்காசி அண்ணாச்சி சொன்ன அதே பணக்காரர் பிரச்சினை அங்கேயும் உண்டு.

தென்காசிக்காரன்:

செல்வம் தம்பி, பஞ்சாயத்துத் தலைவர் விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நான். இரண்டாயிரம் ரூபாயில் யாரும் தலைவர் வேலை பார்க்க முடியாது, அதனால்தான் அங்கே ஒப்பந்தக்காரர்கள் தலைவர் ஆகிறார்கள். 2023-ல் மேயருக்கு 30,000, மாநகராட்சிக் கவுன்சிலருக்குப் பத்தாயிரம் என்று கொடுத்தார்கள், கிராமத்தை விட்டுவிட்டார்கள். மொய்க்கு அரசுப் பணம் கொடுக்கச் சொல்லவில்லை. அந்த வாசலில் நிற்கும் ஆட்களுக்குப் பதில் சொல்ல ஒரு அலுவலகம், சம்பளத்தோடு இரண்டு படித்த பிள்ளைகள், அதை அரசே நேராகக் கொடுக்கட்டும். எம்.பி.க்கு உதவியாளர் சம்பளம் நேராகப் போவதுபோல. நான் வேலை பார்த்தபோது எனக்குச் சம்பளம் எம்.எல்.ஏ.வின் சட்டைப் பையில் இருந்துதான் வந்தது, இருந்தால் கொடுப்பார். இரண்டு ஆட்கள் சரியாக இருந்தால் சட்டமன்றத்தில் கேட்க வேண்டிய கேள்வியைத் தயாரிக்கவும் நேரம் கிடைக்கும். பட்ஜெட் புத்தகங்கள் கட்டு பிரிக்காமலே எங்கள் அலமாரியில் கிடந்தன, படித்துச் சொல்ல ஆள் இல்லை.

பொருநைக்கரை செல்வம்:

எல்லோருக்கும் நன்றி. எனக்கு இப்போது ஒரு தெளிவு வந்திருக்கிறது. எம்.பி. சம்பளம் 1,24,000 என்பதில் எனக்குப் புகார் இல்லை, மத்திய அரசுச் செயலாளர் 2,25,000 வாங்கும்போது அது அதிகம் என்று சொல்ல முடியாது. புகார் மூன்று விஷயத்தில். சம்பளத்தை வெளியாள் குழு தீர்மானிக்க வேண்டும், உயர்வு அடுத்த தேர்தலுக்குப் பிறகே அமலாக வேண்டும். படிகளுக்கு ரசீது வேண்டும், அது இணையத்தில் வர வேண்டும். ஓய்வூதியத்துக்குப் பிடித்தமும் குறைந்தபட்சக் காலமும் வேண்டும். கயல் அக்கா, இதைக் கேட்க சாதாரண ஆளுக்கு ஏதாவது வழி இருக்கிறதா? இதற்கெல்லாம் சாசனத்தைத் திருத்த வேண்டுமா?

மதுரைக் கயல்:

சாசனத்தைத் தொட வேண்டாம் தம்பி. 106-வது பிரிவு ‘சட்டத்தின் மூலம்’ தீர்மானிக்கலாம் என்றுதான் சொல்கிறது, ஒரு குழுவை அமைத்து அதன் முடிவுப்படி என்று சட்டம் போட்டாலும் அது சட்டம்தான். 2018-ல் குறியீட்டோடு இணைத்ததே அதற்கு முன்மாதிரி. இப்போது படிகளுக்கான விதிகளைச் செய்வது 15 பேர் கொண்ட கூட்டுக்குழு, மக்களவையில் இருந்து பத்து, மாநிலங்களவையில் இருந்து ஐந்து, எல்லோரும் எம்.பி.க்கள். அங்கே வெளியாட்களை உட்காரவைக்க 1954 சட்டத்தின் 9-வது பிரிவைத் திருத்தினால் போதும்.

வழி என்று கேட்டால், மக்களவையிலும் நம் சட்டமன்றத்திலும் மனுக்கள் குழு இருக்கிறது. மக்களவைக்கு நீங்கள் எழுதும் மனுவில் ஒரு எம்.பி. மேலொப்பம் போட்டால் அது அவையிலேயே தாக்கலாகும், உங்கள் தொகுதி எம்.பி.யிடம் கொண்டுபோய்க் கேளுங்கள், போட மாட்டேன் என்றால் அதையும் இங்கே எழுதுங்கள். அடுத்த உயர்வு 2028 ஏப்ரல் 1-ல் வர வேண்டும், அதற்குள் அனுப்பிவிட வேண்டும். மூன்றையும் ஒரே மனுவில் போட வேண்டாம். ஓய்வூதியத்தை மட்டும் முதலில் எடுங்கள், 8-ஏ பிரிவில் ‘எந்தக் கால அளவுக்கும்’ என்பதை நீக்கி முழுப் பதவிக்காலம் ஒன்று என்று மாற்றும்படி கேளுங்கள். வரைவை இங்கே போடுங்கள், நான் திருத்தித் தருகிறேன். மல்லிகா அக்காவின் 2004 ஒப்பீட்டை முதல் பத்தியிலேயே வையுங்கள்.